வாழ்நாள் பூரா பைக் ஓட்டணும்னு ஆசைப்படுறவங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

பைக் பைத்தியம் உள்ளவங்ககிட்ட பேச்சு எங்க ஆரம்பிச்சாலும் கடைசில இதே கேள்விங்கள்லதான் வந்து நிக்குது. புதுசா கத்துக்கிறவங்க ஒரு மாதிரி கேப்பாங்க, முப்பது வருஷமா ஓட்டுறவங்க வேற மாதிரி கேப்பாங்க, ஆனா அடில இருக்கிற கவலை ஒண்ணுதான்: இந்த ஆசை கடைசி வரைக்கும் நிக்குமா, நிக்கணும்னா என்ன பண்ணணும். கேட்டவங்க எப்படி கேட்டாங்களோ அப்படியே கேள்விய போட்டிருக்கேன், பதில் என் அனுபவத்துலயும் படிச்சதுலயும் இருந்து. மேல ஒரு இடத்துல சொன்னதை கீழ திரும்ப சொல்லல, அதனால முடிஞ்சா வரிசையா படிங்க.

பைக்ல அப்படி என்னதான் இருக்கு? கார்லயும் அதே ரோட்லதான போறோம்?

இடது கை கிளட்ச், வலது கை ஆக்ஸிலேட்டரும் முன் பிரேக்கும், இடது கால் கியர், வலது கால் பின் பிரேக், இதுபோக இடுப்பும் முட்டியும் வண்டிய பிடிச்சுக்கிட்டு வளைவுக்கு வளைவு சாயணும். ஒரே நேரத்துல உடம்பு மொத்தமும் வேலை செய்யுது, அப்ப மனசு ஆபீஸ் பக்கமோ கடன் பக்கமோ போக இடமே இல்ல. மரத்தடி வந்தா குளிர்ச்சி தெரியும், ஆத்துப் பாலம் வந்தா வாசனை மாறும். இதுக்குத்தான் ஓட்டுறோம்.

இது இன்னிக்கு வந்த ஆசையும் இல்ல. 1885ல ஜெர்மனில காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மேபாகும் மரச்சட்டத்துல ஒரு பெட்ரோல் இன்ஜினை மாட்டி ரெண்டு சக்கர வண்டி ஒண்ணு செஞ்சாங்க, விழாம இருக்க பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு குட்டி சக்கரம் வேற. வேகம் மணிக்கு 12 கிமீ. டைம்லரோட மகன் ஓட்டிப் போனப்ப கீழ இருந்த இன்ஜின் சூட்டுல சீட்டே தீப்பிடிச்சுதுன்னு சொல்லுவாங்க. அவங்களுக்கு அது இன்ஜின் சோதிக்கிற வண்டி மட்டும்தான், அடுத்து காருக்குப் போயிட்டாங்க. ஆனா பத்து வருஷம் கூட ஆகல, 1894ல ஹில்டபிராண்ட் அண்ட் வுல்ஃப்முல்லர்னு இன்னொரு ஜெர்மன் கம்பெனி பைக்கை விக்கிறதுக்காகவே செய்ய ஆரம்பிச்சிடுச்சு.

அண்ணே எனக்கு 42 வயசு, சைக்கிள் மட்டும்தான் ஓட்டியிருக்கேன், இப்ப போய் கத்துக்கிட்டா சிரிப்பாங்களா?

சைக்கிள் ஓட்டத் தெரியும்னா பாதி கிணறு தாண்டியாச்சு, ஏன்னா பேலன்ஸ்தான் கஷ்டமான பாடம், அது உங்க உடம்புல ஏற்கனவே இருக்கு. மீதி இருக்கிறது கிளட்ச். காலியா இருக்கிற மைதானத்துல முதல் கியர் போட்டு, ஆக்ஸிலேட்டரைத் தொடாம கிளட்சை மெதுவா மெதுவா விட்டு, வண்டி நகர ஆரம்பிக்கிற அந்த இடத்தை விரல் கண்டுபிடிக்கிற வரைக்கும் அதையே பண்ணுங்க. இதுல அவசரப்படாதவங்களுக்கு அப்புறம் டிராஃபிக்ல வண்டி ஆஃப் ஆகுற பிரச்சனை ரொம்பக் குறைவா இருக்கும்.

வயசுல ஆரம்பிக்கிறவங்க சின்னப் பசங்களை விட நல்லா கத்துக்கிறதை நான் பாத்திருக்கேன். நமக்கு ஒண்ணும் ஆகாதுங்கிற நெனப்பு அவங்ககிட்ட இல்ல, சொல்லிக் கொடுக்கிறதைக் காது கொடுத்து கேக்குறாங்க.

முதல் வண்டி எத்தனை சிசி எடுக்கலாம்? சின்னதா எடுத்தா ஆறு மாசத்துல போரடிச்சிடும்ங்கிறாங்க

100ல இருந்து 160 சிசிக்குள்ள எடுங்க. சின்ன வண்டில நீங்க பண்ற சின்னத் தப்பை வண்டி மன்னிச்சிடும், பெரிய வண்டி அப்படி விடாது, கை கொஞ்சம் அதிகமா முறுக்கிட்டா அது உங்களை எங்க கொண்டு போகும்னு உங்களுக்கே தெரியாது. எடை குறைவா இருக்கிறதால கீழ சாய்ஞ்சாலும் நீங்களே தூக்கி நிறுத்தலாம். போரடிக்குதுன்னு சொல்றவங்க பெரும்பாலும் அந்த வண்டில இருக்கிறதை முழுசா கத்துக்காம அடுத்ததுக்குத் தாவுறவங்க.

சின்ன வண்டின்னா கேவலம்னு யாராவது சொன்னா ரெண்டு விஷயம் சொல்லுங்க. ஹோண்டா சூப்பர் கப் 1958ல வந்தப்ப 50 சிசிதான், அந்த வரிசை வண்டிங்க 2017ல 10 கோடியைத் தாண்டிடுச்சு, உலகத்துலயே அதிகமா தயாரிச்ச மோட்டார் வண்டி அதுதான். அப்புறம் 1973ல பிரான்ஸ் நாட்டுப் பத்திரிகையாளர் ஆன்-ஃபிரான்ஸ் டோத்வில் தனியா உலகத்தைச் சுத்தி வந்தது காவாசாகி 125 சிசி வண்டில.

முன் பிரேக் பிடிச்சா தூக்கி எறிஞ்சிடும்னு அப்பா சொல்லியிருக்காரு, அதனால பின் பிரேக் மட்டும்தான் யூஸ் பண்றேன், சரிதானே?

சரி இல்லைங்க, இந்தப் பழக்கத்தை இன்னிக்கே மாத்த ஆரம்பிங்க. வண்டி வேகம் குறையும்போது மொத்த எடையும் முன்னாடி சாயுது, முன் டயர் ரோட்டை அழுத்திப் பிடிக்குது, பின் டயர் லேசாகுது. அதனால அழுத்தி நிறுத்தும்போது முக்கால்வாசி வேலை முன் பிரேக்தான் பண்ணும். பின் பிரேக்கை மட்டும் நம்பினா வண்டி நிக்க ரொம்ப தூரம் எடுக்கும், இல்லைன்னா பின் சக்கரம் லாக் ஆகி வால் ஆட ஆரம்பிக்கும்.

அப்பா சொன்னதுல உண்மையும் இருக்கு. படக்குன்னு பிடிச்சா எடை முன்னாடி வந்து சேர்றதுக்கு முன்னாடியே சக்கரம் லாக் ஆகிடும், விழுவோம். அதனால முதல்ல லேசா பிடிச்சு, முன் ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற ஸ்பிரிங் வச்ச கம்பிங்க) அமுங்குறது தெரிஞ்சதும் இன்னும் அழுத்தணும். ரெண்டும் நடக்கிறது ஒரு செகண்டுக்குள்ள, ஆனா அந்த வரிசை முக்கியம். காலி இடத்துல 30 கிமீ வேகத்துல இருந்து திரும்பத் திரும்ப பழகுங்க. மண்ணு, ஜல்லி, வண்டி சாய்ஞ்சிருக்கிற நேரம், இங்கெல்லாம் முன் பிரேக்கை ரொம்ப மெதுவா தொடணும்.

ஏபிஎஸ், அதாவது அழுத்திப் பிடிச்சாலும் சக்கரம் லாக் ஆகாம பாத்துக்கிற பிரேக் அமைப்பு, இருக்கிற வண்டி வாங்க முடிஞ்சா வாங்குங்க. 1988ல பிஎம்டபிள்யூ கே100ல முதல்ல வந்தது, இப்ப சின்ன வண்டிலயும் கிடைக்குது. பதறிப் போய் அழுத்துற அந்த ஒரு தடவைக்கு அது காசை மீட்டுக் கொடுத்துடும்.

ஹெல்மெட் கைல இருந்து தவறி விழுந்துடுச்சு, வெளிய ஒரு கீறலும் இல்ல, அதையே போடலாமா?

வெறும் ஹெல்மெட் இடுப்பு உயரத்துல இருந்து விழுந்தா பெரும்பாலும் பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா உள்ள தலை இருக்கும்போது அடி வாங்கியிருந்தா, வெளிய பளபளன்னு இருந்தாலும் தூக்கிப் போட்டுடுங்க. உயிரைக் காப்பாத்துறது மேல் ஓடு மட்டும் இல்ல, உள்ள இருக்கிற தெர்மாகோல் மாதிரி அடுக்கு. அது நசுங்கி அடியோட வேகத்தை வாங்கிக்கும், ஒரு தடவை நசுங்கினா திரும்ப எழும்பாது. அடியே படலைன்னாலும் அஞ்சு வருஷம் ஆனா மாத்திடுறது நல்லது, வேர்வையும் வெயிலும் உள்ள இருக்கிற பசையையும் பஞ்சையும் கெடுத்துடும். வாங்கும்போது கன்னம் லேசா அழுந்தணும், ஹெல்மெட்டைப் பிடிச்சு ஆட்டினா கன்னத்து தோலும் கூட நகரணும், இல்லைன்னா அது உங்க சைஸ் இல்ல.

ஹெல்மெட்டுக்குப் பின்னாடி ஒரு சோகம் இருக்கு. லாரன்ஸ் ஆஃப் அரேபியான்னு பேர் வாங்கின பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி டி. ஈ. லாரன்ஸ் பெரிய பைக் ஆசைக்காரர், பிரஃப் சுப்பீரியர் வண்டிங்க மேல உயிரா இருந்தவர். 1935ல சைக்கிள்ல போன ரெண்டு பசங்களைத் தவிர்க்கப் போய் விழுந்து தலைல அடிபட்டு ஆறாவது நாள் இறந்துட்டாரு. அவரைப் பாத்த டாக்டர்கள்ல ஒருத்தர் ஹ்யூ கேர்ன்ஸ்ங்கிற மூளை அறுவை நிபுணர். அவர் அதோட விடாம பைக் ஓட்டுற ராணுவ வீரர்களோட தலைக்காயங்களை ஆராய்ஞ்சு 1941ல எழுதினதுக்கு அப்புறம்தான் பிரிட்டிஷ் ராணுவத்துல ஹெல்மெட் கட்டாயமாச்சு. பிற்காலத்துல பல ஆய்வுகளைச் சேத்து வச்சு பாத்த காக்ரேன் அறிக்கை, ஹெல்மெட் போட்டா விபத்துல சாகுற வாய்ப்பு 42 சதவீதமும் தலைக்காயம் 69 சதவீதமும் குறையுதுன்னு சொல்லுது.

எவ்ளோ ஓட்டினாலும் பயம் போக மாட்டேங்குது, நான் இதுக்கு லாயக்கில்லையா?

பயத்துல ரெண்டு வகை இருக்கு. வண்டில ஏறுறதுக்கு முன்னாடியே வயித்தைக் கலக்குறது ஒண்ணு, அது பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட விஷயம் தெரியாததால வர்றது. யூ டர்ன் போட பயமா, மேட்டுல நிறுத்தி எடுக்க பயமா, லாரி பக்கத்துல போக பயமா, எதுன்னு பேர் வச்சு பிரிச்சுப் பாருங்க, ஒவ்வொண்ணா பழகினா போயிடும். இன்னொண்ணு ரோட்ல இருக்கும்போது உள்ள இருந்து ஒரு குரல் கவனம் கவனம்னு சொல்லிட்டே இருக்கிறது, அது போகவே கூடாது. அந்தக் குரல் கேக்காம போன நாள்ல நான் வண்டி எடுக்க மாட்டேன்.

வளைவுல வண்டி என் பேச்சைக் கேக்காம வெளிப் பக்கம் போற மாதிரி இருக்கு, என்ன தப்பு பண்றேன்?

பெரும்பாலும் கண்ணு. பைக் நீங்க பாக்குற இடத்துக்குப் போகும். ஓரத்துல இருக்கிற கல்லைப் பாத்து பயந்து அதையே வெறிச்சா நேரா அங்கதான் போய் நிப்பீங்க. வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சு, சரியான கியருக்கு வந்து, தாடையைத் திருப்பி வளைவு எங்க முடியுதோ அங்க பாருங்க, லேசா ஒரே சீரா ஆக்ஸிலேட்டர் கொடுத்துட்டே போங்க. நடுவுல பயந்து பிரேக்கை அழுத்துறதுதான் வண்டிய நிமித்தி வெளிய தள்ளிடும்.

அடுத்தது கவுண்டர் ஸ்டியரிங். நடக்கிற வேகத்தைத் தாண்டிட்டா, வலது பக்கம் திரும்பணும்னா வலது கைப்பிடியை முன்னாடி தள்ளணும். முன் சக்கரம் ஒரு நொடி இடது பக்கம் போகும், அதனால வண்டி வலது பக்கம் சாயும், சாய்ஞ்சதும் வலது பக்கம் திரும்பும். கேக்க தலைகீழா இருக்கும், ஆனா நீங்க இத்தனை நாளா தெரியாமலே அதைத்தான் பண்ணிட்டிருக்கீங்க. விமானம் கண்டுபிடிச்ச ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடை வச்சிருந்தவங்க, அதுல வில்பர் ரைட் நிறைய சைக்கிள்காரங்ககிட்ட இதைப் பத்தி கேட்டுப் பாத்திருக்காரு, இடது பக்கம் திரும்ப முதல்ல வலது பக்கம் திருப்புறோம்னு ஒருத்தர் கூட சொல்லலையாம். தெரிஞ்சு பண்ணா என்ன லாபம்னா, திடீர்னு ஒரு குழியைத் தவிர்க்கணும்னா ஒரு சின்ன தள்ளு போதும், வண்டி உடனே பேச்சைக் கேக்கும். என்னைக் கேட்டா இந்த ஒரு விஷயம் புரியிற அன்னிக்குத்தான் ஓட்டுறது நிஜமா ஆரம்பிக்குது.

மழைல ஓட்டவே கூடாதா?

ஓட்டலாம். மழை ஆரம்பிச்ச முதல் பத்து பதினஞ்சு நிமிஷம்தான் ரொம்ப மோசம், ரோட்ல படிஞ்சிருந்த ஆயிலும் தூசியும் தண்ணில கலந்து வழுக்கும். அந்த நேரம் ஒதுங்கி நின்னுட்டு நல்லா கழுவினப்புறம் கிளம்புங்க. ரோட்டுல பெயிண்ட் அடிச்ச கோடு, இரும்பு மூடி, ரயில் தண்டவாளம் இதெல்லாம் வழுக்கும், தாண்டும்போது வண்டிய நேரா வச்சு, பிரேக்கும் பிடிக்காம ஆக்ஸிலேட்டரும் முறுக்காம போங்க. தண்ணி தேங்கி அடி தெரியாத இடத்துக்குள்ள இறங்காதீங்க. பிரேக் பத்தி மேல சொன்னது அத்தனையும் இங்கயும் பொருந்தும், இன்னும் மெதுவா, இன்னும் முன்னாடியே.

வண்டிய நானே பாத்துக்கணும்னு ஆசை, ஆனா ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது. எதுல ஆரம்பிக்க?

டயர்ல ஆரம்பிங்க. ரெண்டு டயரும் ரோட்டைத் தொடுறது ஆளுக்கு ஒரு உள்ளங்கை அளவு இடத்துலதான், மொத்த உயிரும் அந்த ரெண்டு உள்ளங்கைல நிக்குது. வாரத்துக்கு ஒரு தடவை வண்டி ஓட்டுறதுக்கு முன்னாடி, டயர் சூடாகாம இருக்கும்போது காத்து பாருங்க, ஓட்டினப்புறம் பாத்தா அளவு கூட காட்டும். டயர் ஓரத்துல நாலு இலக்க எண் ஒண்ணு இருக்கும், 2319ன்னு இருந்தா 2019ஆம் வருஷம் 23வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். பட்டன் நல்லா இருந்தாலும் ரப்பர் பழசாச்சுன்னா கல்லா மாறிடும், புது டயர்னு சொல்லி வித்தா கூட இந்த நம்பரைப் பாத்து வாங்குங்க.

அடுத்தது செயின். 500 கிமீக்கு ஒரு தடவை, மழைல ஓட்டினா அதுக்கும் முன்னாடியே, துடைச்சு செயினுக்கான ஆயில் போடுங்க, இன்ஜின் ஓடும்போது மட்டும் செயின் பக்கம் விரலைக் கொண்டு போகவே கூடாது, விரல் போயிடும். செயின் தொய்வு நிறைய வண்டிங்கள்ல 25ல இருந்து 35 மில்லிமீட்டருக்குள்ள இருக்கும், உங்க வண்டிக்கு எவ்ளோன்னு மேனுவல்ல போட்டிருக்கும். ரொம்ப டைட்டா வச்சா தொய்வா இருக்கிறதை விட கெடுதல், பேரிங்கும் செயினும் சேந்து போகும். இன்ஜின் ஆயில் அளவு, ஆயில் மாத்துறது, பிரேக் பேட் தேய்மானம், ஸ்பார்க் ப்ளக், இதெல்லாம் ஒவ்வொண்ணா வரும். பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துங்க, இதை முக்கால்வாசி பேர் மறந்துடுறாங்க.

நான் 5 அடிக்கு கொஞ்சம் கூட, பொண்ணு வேற, பெரிய வண்டி எல்லாம் நமக்கு இல்லைன்னு கடையிலயே சொல்லி அனுப்பிட்டாங்க

கடையில சொன்னதை அங்கயே விட்டுடுங்க. ரெண்டு காலும் தரைல முழுசா படணும்னு எந்த சட்டமும் இல்ல, ஒரு கால் நல்லா ஊணினா போதும், நிறுத்தும்போது இடுப்பை சீட்ல ஒரு பக்கமா நகத்தி ஒரே காலை ஊணி இன்னொரு காலை பின் பிரேக்ல வைக்கப் பழகணும். மொத்த எடையை விட அந்த எடை எவ்ளோ உயரத்துல இருக்குங்கிறதுதான் முக்கியம், கீழ எடை இருக்கிற வண்டி கனமா இருந்தாலும் கைக்கு அடங்கும். சீட்டைக் குறைக்கலாம், பிரேக், கிளட்ச் லிவரை விரலுக்கு ஏத்த மாதிரி கிட்ட கொண்டு வரலாம். விழுந்த வண்டியைத் தூக்குறதும் பலம் மட்டும் இல்ல, வண்டிக்கு முதுகைக் காட்டி குந்தி உக்காந்து, ஒரு கை ஹேண்டில்லயும் ஒரு கை பின்னாடி கம்பிலயும் வச்சு, காலால தள்ளி எழணும். மறுபக்கம் சாயாம இருக்க சைடு ஸ்டாண்டை முன்னாடியே இறக்கிடணும்.

1916ல அகஸ்டா, அடலைன்னு வான் ப்யூரன் சகோதரிகள் ரெண்டு பேரும் இந்தியன்னு பேர் வச்ச அமெரிக்க கம்பெனியோட பவர்ப்ளஸ் வண்டில ஆளுக்கு ஒண்ணுல அமெரிக்காவை இந்தக் கரைல இருந்து அந்தக் கரைக்கு கடந்தாங்க, ரோடே சரியா இல்லாத காலம், வழில அவங்களைப் போலீஸ் பிடிச்சது வேகத்துக்காக இல்ல, ஆம்பள மாதிரி உடை போட்டதுக்காக. 1930கள்ல பெஸ்ஸி ஸ்ட்ரிங்ஃபீல்டுங்கிற கறுப்பினப் பெண், தங்க அறை கூட கொடுக்காத ஊருங்க வழியா தனியா அமெரிக்கா பூரா ஓட்டினாங்க. டோத்வில் பத்தி மேலயே சொல்லியிருக்கேன்.

லாங் ரைடு ஒரு நாளைக்கு எத்தனை கிமீ போகலாம்? வீட்டுக்கு வந்ததும் காதுல ஙொய்னு சத்தம் வேற கேக்குது

கிமீ கணக்கை விட்டுடுங்க, உடம்பைப் பாருங்க. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்கி நடங்க, தாகம் எடுக்காட்டியும் தண்ணி குடிங்க, காத்துல வேர்வை உடனே காய்ஞ்சிடுறதால உடம்புல தண்ணி குறையுறதே தெரியாது. கியர் மாத்துறது சொதப்ப ஆரம்பிச்சா, மிரர் பாக்க மறந்தா, ஒரே எண்ணம் தலைல சுத்திட்டே இருந்தா அன்னிக்கு போதும். கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காதீங்க, முட்டியால டேங்கை அணைச்சுப் பிடிச்சா கையும் முதுகும் தப்பிக்கும்.

அந்த ஙொய் சத்தத்தை அலட்சியம் பண்ணாதீங்க, இது சைலன்சர் சத்தம் இல்ல, காத்து சத்தம். 100 கிமீ வேகத்துல ஹெல்மெட்டுக்குள்ள 95, 100 டெசிபல் கிட்ட போகும், 100 டெசிபல்ல காதுக்கு ஆபத்தில்லாத நேரம் சுமார் 15 நிமிஷம்தான். போன காது திரும்ப வராது. காதுல வைக்கிற ஃபோம் பிளக் ரொம்ப மலிவு, ஹார்ன் சத்தமும் இன்ஜின் சத்தமும் அது வழியா கேக்கும், ஆனா எல்லாமே கொஞ்சம் அடங்கிக் கேக்கும், சாயங்காலம் களைப்பும் குறைவா இருக்கும்.

நேரா பாத்துட்டே குறுக்க வந்துடுறாங்க, கேட்டா பாக்கலைங்கிறாங்க, பொய்தானே?

பெரும்பாலும் பொய் இல்ல, அதுதான் பயங்கரம். தலையை ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கம் திருப்பும்போது கண்ணு தாவித் தாவித்தான் பாக்கும், தாவுற நேரத்துல மூளைக்கு படம் போகாது, நடுவுல இருக்கிற பைக் அந்த இடைவெளில விழுந்துடலாம். இன்னொண்ணு, பைக் ஒல்லியா இருக்கிறதால எவ்ளோ வேகமா வருதுன்னு கணிக்கிறதும் தப்பாகிடும், தூரத்துல இருக்குன்னு நெனச்சு குறுக்க வந்துடுவாங்க. 1981ல வெளிவந்த ஹர்ட் அறிக்கைன்னு ஒண்ணு, லாஸ் ஏஞ்சல்ஸ்ல 900 பைக் விபத்துங்களை அந்தந்த இடத்துக்கே போய் ஆராய்ஞ்சது, இன்னொரு வண்டியோட மோதின விபத்துங்கள்ல மூணுல ரெண்டு பங்கு, எதிர் வண்டிக்காரர் வழி விடாம வந்ததாலதான்.

இது தெரிஞ்சா கோவம் குறைஞ்சு எச்சரிக்கை கூடும். சந்திப்பு வரும்போது ரெண்டு விரலை முன் பிரேக் மேல வச்சுக்கோங்க. காத்திருக்கிற கார்காரர் முகத்தைப் பாக்காதீங்க, முன் சக்கரத்தைப் பாருங்க, அது உருள ஆரம்பிச்சா முதல்ல தெரியும். லேனுக்குள்ளயே லேசா பக்கவாட்டுல நகந்தீங்கன்னா அவங்க கண்ணுல படுற வாய்ப்பு கூடும்.

வேகமே போகாம என்ன சார் பைக் சுகம்?

வேகத்துல சுகம் இருக்கு, மறுக்கல. ஆனா கணக்கைப் பாருங்க. 50 கிமீல மூளை உணர்ந்து கை பிரேக்கைத் தொட ஒரு செகண்டுன்னு வச்சா அதுக்குள்ள 14 மீட்டர், காஞ்ச ரோட்ல நல்லா பிடிச்சு நிக்க இன்னும் 12 மீட்டர், மொத்தம் 26. 100 கிமீல அது 28ம் 49ம் சேந்து 77 மீட்டர். வேகம் ரெண்டு மடங்கு, தூரம் மூணு மடங்கு. பொது ரோட்ல 77 மீட்டர் முன்னாடி என்ன நடக்கும்னு யாருக்கும் தெரியாது. வேகம் வேணும்னா ரேஸ் டிராக் இருக்கு, எதிர்ல யாரும் வர மாட்டாங்க, விழுந்தாலும் ஓரத்துல காலி இடம் இருக்கும்.

இன்னொரு காரணமும் இருக்கு, எனக்கு அதுதான் பெருசு. வேகத்தோட மயக்கம் பழகிடும், 80 போரடிச்சா 100, 100 போரடிச்சா 120, அதுக்கப்புறம் வண்டியே போரடிக்கும். சுத்தமா ஓட்டுறதுல வர்ற சந்தோஷம் அப்படி இல்ல. ஒரு வளைவை முன்னை விட வழவழன்னு எடுக்கிறது, கியர் விழுந்ததே பின்னாடி உக்காந்தவங்களுக்குத் தெரியாம மாத்துறது, பிரேக்கே தொடாம ஒரு மலை ரோட்டை இறங்குறது, இதுல எப்பவும் அடுத்த படி ஒண்ணு இருந்துட்டே இருக்கும். நாப்பது வருஷம் ஓட்டியும் இன்னும் ஆசையா இருக்கிறவங்க எல்லாரும் இந்தப் பக்கம் வந்தவங்கதான்.

குழந்தை, வேலைன்னு பன்னெண்டு வருஷமா வண்டிய தொடல, இப்ப திரும்ப எடுக்கலாமா?

தாராளமா. ஆனா விட்ட இடத்துல இருந்து தொடரலாம்னு நெனைக்காதீங்க, கைக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும், கண்ணுக்கும் கணிப்புக்கும் துரு பிடிச்சிருக்கும். மேல 42 வயசுக்காரருக்கு சொன்ன மைதானப் பழக்கத்துல ஆரம்பிச்சு, பிரேக் பழகி, விடிகாலை காலி ரோட்ல கொஞ்ச நாள் ஓட்டிட்டு டிராஃபிக்குக்கு வாங்க. பழைய ஹெல்மெட் வேண்டாம், காரணம் மேல இருக்கு.

ஷெட்ல நின்ன அதே வண்டினா டேங்க்ல இருக்கிற பெட்ரோலை இறக்கிடுங்க, கெட்டுப் போயிருக்கும், அதுல எத்தனால் கலந்திருந்தா ஈரத்தை இழுத்து உள்ள துருவும் பிடிச்சிருக்கலாம். கார்பரேட்டரைக் கழட்டி சுத்தம் பண்ணணும், பேட்டரி, டயர், பிரேக் ஆயில், ரப்பர் ட்யூப் எல்லாம் புதுசு. ஆயில் மாத்தாம ஸ்டார்ட் பண்ணவே பண்ணாதீங்க.

விழுந்து கால் ஒடிஞ்சு சரியாச்சு, ஆனா வீட்ல வண்டிய வித்துடுன்னு அழறாங்க. ஆசையா குடும்பமா?

ரெண்டுல ஒண்ணுங்கிற மாதிரி இதைப் பேசாதீங்க, அவங்க அழறது வண்டி மேல கோவத்துல இல்ல. முதல்ல எதனால விழுந்தீங்கன்னு நேர்மையா பாருங்க. மண்ணுல வழுக்கினதா, தூக்கமா, வேகமா, அடுத்தவங்க தப்பா, அடுத்தவங்க தப்புன்னாலும் நான் வேற எங்க இருந்திருந்தா தப்பிச்சிருக்கலாம். காரணம் தெரிஞ்சா அதை மாத்தலாம், மாத்துறதை வீட்ல உள்ளவங்க கண்ணால பாக்கணும். ராத்திரி ஓட்டுறதை விடுறேன், பாதுகாப்பு ஜாக்கெட்டும் முட்டி கவசமும் இல்லாம கிளம்ப மாட்டேன், போய் சேந்ததும் போன் பண்றேன், இப்படி மூணு நாலு விஷயத்தைச் சொல்லி ஒரு நாள் கூட தவறாம செய்ங்க. வாக்குவாதத்தால அடங்காத பயம் இதால அடங்கும். அதுக்கப்புறமும் வேணாம்னு சொன்னா கொஞ்ச காலம் நிறுத்தி வைங்க, மேல பன்னெண்டு வருஷம் கழிச்சு வந்தவரைப் பாத்தீங்கல்ல.

எலக்ட்ரிக் வந்துடுச்சு, இன்ஜின் சத்தமும் கியரும் இல்லாம இந்த ஆசைக்கு என்ன மிச்சம்?

கிளட்ச் போகும், சத்தம் போகும், எனக்கும் வருத்தம்தான். ஆனா சாயறது இருக்கு, கவுண்டர் ஸ்டியரிங் இருக்கு, காத்து இருக்கு. நின்ன இடத்துலயே முழு இழுவையும் கிடைக்கிறது ஒரு தனி சுகம், அதே காரணத்துக்காக ஈர ரோட்ல கை மெதுவா முறுக்கணும். சத்தம் இல்லாததால குறுக்க நடக்கிறவங்க கவனிக்க மாட்டாங்க, அதையும் மனசுல வைங்க. டூ ஸ்ட்ரோக்ங்கிற பழைய வகை இன்ஜின் போனப்பவும் எல்லாம் முடிஞ்சுதுன்னுதான் பேசினாங்க.

ஒரே வண்டிய வச்சிருக்கிறதா, மாத்திட்டே இருக்கிறதா?

ரெண்டு விதமாவும் சந்தோஷமா இருக்கிறவங்க உண்டு. நான் ஒரே வண்டி கட்சி. நியூசிலாந்துக்காரர் பர்ட் மன்ரோ 1920ல ஒரு இந்தியன் ஸ்கவுட் வாங்கினாரு, கம்பெனில இருந்து வந்தப்ப 600 சிசி, 90 கிமீ கிட்ட போகும். அதை வச்சுக்கிட்டே பல பத்து வருஷம் தன் ஷெட்ல தானே பிஸ்டன் வார்த்து, கழட்டி மாட்டி, 1967ல தன்னோட 68 வயசுல அமெரிக்காவுல பானவில் உப்புப் பரப்புல 1000 சிசிக்கு உட்பட்ட பிரிவுல மணிக்கு சுமார் 295 கிமீன்னு உலக சாதனை பண்ணாரு. அந்த வேகம் எனக்கு பெருசில்ல, ஒரே வண்டில கத்துக்க அவருக்கு அவ்ளோ வருஷமும் விஷயம் இருந்துட்டே இருந்துச்சு பாருங்க, அதுதான்.

அப்பாவுக்கு 70 ஆகப் போகுது, நிறுத்த மாட்டேங்கறாரு. எந்த வயசுல நிறுத்தணும்?

வயசை வச்சு சொல்ல முடியாது, அறிகுறியை வச்சுதான் சொல்லணும். 60 வயசு கண்ணுக்குள்ள போற வெளிச்சம் 20 வயசுல போனதுல சுமார் மூணுல ஒரு பங்குதான், எதிர் ஹெட்லைட் கூச்சமும் கூடும், அதனால முதல்ல விட வேண்டியது ராத்திரி ஓட்டுறது. கழுத்து முழுசா திரும்பலைன்னா பின்னாடி வர்றது தெரியாது. சளிக்கும் அலர்ஜிக்கும் எடுக்கிற சில மாத்திரை தூக்கம் வரவைக்கும், டாக்டர்கிட்ட பைக் ஓட்டுறேன்னு சொல்லியே மருந்து வாங்கச் சொல்லுங்க. நிறுத்தும்போது கால் தடுமாறுறது, திரும்புற இடம் தவறிப் போறது, ஹார்ன் வாங்குறது கூடுறது, தெரிஞ்ச ரோட்லயே திடுக்கிடுறது, இதுல ஒண்ணு ரெண்டு அடிக்கடி வந்தா பேச வேண்டிய நேரம் வந்துடுச்சு.

ஆனா நேரா சாவியைப் பிடுங்காதீங்கப்பா. நடுவுல நிறைய படி இருக்கு. கனமான வண்டில இருந்து லேசான வண்டி, கியர்ல இருந்து கியர் இல்லாத வண்டி, பகல் மட்டும், தெரிஞ்ச ரோடு மட்டும், அப்புறம் முன்னாடி ரெண்டு சக்கரம் வச்ச மூணு சக்கர வண்டி. ஒரு நாள் நீங்க பின்னாலயே இன்னொரு வண்டில போய் அவர் எப்படி ஓட்டுறாருன்னு பாருங்க, அவரை விட நல்லா ஓட்டுற அறுபது வயசுக்காரங்க குறைவுன்னு தெரிஞ்சா விட்டுடுங்க.

நிறுத்தியே ஆகணும்னு நானே முடிவு பண்ணிட்டேன். வண்டிய என்ன பண்றது, நான் என்ன பண்றது?

உடனே வித்துடாதீங்க, விலை குறையும்னு யாராவது அவசரப்படுத்தினாலும். மனசு ஆற கொஞ்ச நாள் வேணும், அதுவரைக்கும் டேங்க் நிறைய பெட்ரோலும் பேட்டரிக்கு சின்ன சார்ஜரும் போட்டு சென்டர் ஸ்டாண்ட்ல நிறுத்தி வைங்க. அந்த நேரத்துல ஓட்டக் கத்துக்கிற யாருக்காவது மைதானத்துல கிளட்ச் சொல்லிக் கொடுங்க, இத்தனை வருஷக் கை பழக்கம் உள்ளவங்க சொல்லிக் கொடுக்கிறதை எந்த ஸ்கூல்லயும் வாங்க முடியாது. கழட்டி மாட்டுற வேலைக்கு வயசு தடை இல்ல, பழைய கார்பரேட்டர் வண்டிய உயிர்ப்பிக்கத் தெரிஞ்சவங்க குறைஞ்சுட்டே வர்றாங்க, உங்களைத் தேடி வருவாங்க. பின்னாடி சீட்ல உக்காந்து போறதையும் கேவலமா நெனைக்காதீங்க, ஓட்டுறவர் சாயும்போது கூடவே சாயத் தெரிஞ்ச ஆள் பின்னாடி இருந்தா ஓட்டுறவருக்கு அது எவ்ளோ சுலபம்னு உங்களுக்கே தெரியும்.

கொடுக்கும்போது நல்லா ஓட்டுற ஒருத்தருக்குக் கொடுங்க. ரெண்டாவது சாவி, சர்வீஸ் பில்லுங்க, எந்த பார்ட் எப்ப மாத்தினீங்கன்னு எழுதின நோட்டு எல்லாத்தையும் சேத்துக் கொடுங்க, குளிர்ல ஸ்டார்ட் ஆக சோக்கை எவ்ளோ இழுக்கணும், எந்த கியர்ல கொஞ்சம் முரண்டு பிடிக்கும்ங்கிறதையும் அந்த நோட்லயே எழுதிடுங்க, மேனுவல்ல அதெல்லாம் இருக்காது.